நாலாம் நாளைப் பார்க்காத காய்ச்சல்

ஏழு கடலும் ஏழு மலையும் தாண்ட வேண்டாம், பல்கலைக்கழகம் போகிற பஸ்ஸில் ஏறி, காற்றாலைகள் ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கி, எதிரே தெரிகிற மஞ்சள் கட்டடத்துக்குள் நுழைந்தால் போதும், அதுதான் சிற்றாறு இல்லம், பெண்கள் விடுதி, நூற்று எண்பது பிள்ளைகள், பதினாறு குளியலறை, அதில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுவது ஏழே ஏழு, அந்த விடுதியில்தான் ஒரு வருஷம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எங்களுடைய காய்ச்சல் எங்களோடு குடியிருந்தது. என் பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்களோடு மல்லுக்கட்ட எனக்கு நேரமில்லை.

என் பெயர் ஜெபக்கனி. அப்போது தாவரவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். ஆனால் விடுதியில் ஒருத்தியும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் மாத்திரை டப்பா என் பொறுப்பில் இருந்தது. நீல நிறத் தகர பிஸ்கட் டப்பா, எனக்கு முந்தின சீனியர் படிப்பு முடிந்து போகும்போது கோயில் சாவியை ஒப்படைக்கிற மாதிரி என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. அந்த டப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குத் தொண்டை கட்டி உடம்பு கொதித்தால், பஸ் நிறுத்தத்து மருந்துக் கடைக்குப் போவாள், அங்கே அண்ணாச்சி சீட்டும் கேட்கமாட்டார், பேரும் கேட்கமாட்டார், "தொண்டையா, நெஞ்சுச் சளியா, அடிவயிறா?" என்று மட்டும் கேட்டு, சிவப்பும் கறுப்புமாக ஒரு கேப்சூல் அட்டையை எடுத்து நீட்டுவார், அவளும் காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று போடுவாள், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கும், இறங்கின கையோடு அட்டையில் மிச்சமிருப்பதைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டுவிடுவாள், அடுத்துக் காய்ச்சலில் விழுகிற பிள்ளைக்கு ஆகட்டும் என்று. அதற்கு மூணு நாள் தர்மம் என்று பெயர்.

முழு அட்டையையும் முழுங்குகிறவள் எங்கள் கணக்கில் சுயநலக்காரி. தூத்துக்குடிப் பிள்ளை ஒருத்தி, டாக்டர் சொன்னார் என்று கடைசி மாத்திரை வரை போட்டுத் தீர்த்தாள், "உடம்பு நல்லானப்புறமும் முழுங்குதாளே மகராசி, அடுத்தவ நினைப்பே இல்லையா?" என்று மாடி பூராவும் பேச்சு, அந்த வருஷம் முழுக்க அவளுக்குப் பத்துமாத்திரை என்றே பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேரை வைத்தது நான்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாங்கள் செய்தது கஞ்சத்தனமும் இல்லை, திமிரும் இல்லை, பாசம். அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையைக் கேட்டுப் பிரயோஜனமில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்த மூன்றாவது நாள் காலையில், மெஸ்ஸில் எல்லோரும் தட்டை ஏந்தி உப்புமாவுக்கு நின்றுகொண்டிருந்தபோது, மூன்றாம் மாடிப் படியிலிருந்து காய்ச்சல் இறங்கி வந்து வரிசையின் கடைசியில் நின்றது. பெண்தான். முப்பது வயசு மதிக்கலாம். ஒருத்தியுடைய நைட்டி, இன்னொருத்தியுடைய துண்டு தலையில், மூன்றாமவள் தேடிக்கொண்டிருந்த ஸ்வெட்டர், கண் சிவந்து, உதடு உலர்ந்து, நடையில் ஒரு தள்ளாட்டம். மழையில் நனைந்த சுவர்ப் பக்கமாக ஒதுங்கி நின்றாள், சுவர் உலர்ந்தது. அவளைப் பார்த்த ஒவ்வொருத்திக்கும் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது, ஏனென்றால் காய்ச்சலில் கிடக்கும்போது கண்ணாடியில் பார்த்த அவரவர் முகம்தான் அது. சமையல் சண்முகத்தாய் அக்கா கரண்டியை நிறுத்தவில்லை. "உனக்கு உப்புமா ஆகாது, கஞ்சி வச்சுத் தாரேன், ஓரமா உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள்.

வார்டன் தங்கபுஷ்பம் மேடம்தான் கொஞ்சம் குடைந்தார்கள். விருந்தாளி என்றாலும் படிவம் வேண்டுமல்லவா!

"எந்த டிபார்ட்மெண்ட்?"

"எல்லா டிபார்ட்மெண்ட்லயும் இருந்திருக்கேன் மேடம்."

"யாரு கூட்டிட்டு வந்தது?"

காய்ச்சல் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பிள்ளைங்கதான் மேடம், கொஞ்சம் கொஞ்சமா வளத்து ஆளாக்குனாங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தோம். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாதுகாவலர் என்கிற இடத்தில் மூன்றாம் மாடி என்று எழுதி, என் அறையில் காலியாகக் கிடந்த மூன்றாவது கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். வெறும் காய்ச்சல் என்று எப்படிக் கூப்பிடுவது, மரியாதையாக இல்லையே என்று, அன்றைக்கே காச்சக்கா என்று ஆகிவிட்டது.

அடி ஆத்தி, அந்த இரண்டு மாதம் நாங்கள் வாழ்ந்த வாழ்வு! ஊரெல்லாம் துணி உலராமல் நாறிக்கொண்டிருந்தபோது எங்கள் விடுதியில் மட்டும் துவைத்ததைக் காச்சக்கா முதுகில் போர்த்தினால் அரைமணியில் மொறுமொறு என்று ஆகிவிடும், வாளித் தண்ணீரில் அவள் முழங்கை வரை கையை விட்டால் குளிக்கிற சூடு வந்துவிடும், மழைக்காலத்தில் பொங்காமல் அழும்பு பண்ணுகிற இட்லி மாவு அவள் பக்கத்தில் வைத்தால் பாத்திரத்தை விட்டு எழுந்து வரும், தலைக்குக் குளித்துவிட்டு வருகிற பிள்ளைகள் அவள் மடியில் கூந்தலைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கும், நாங்கள் காய்ச்சல் வேகத்தில் உளறின அத்தனையும், யார் மேல் யாருக்கு ஆசை, யார் எதைத் திருடினாள், யார் அம்மாவை நினைத்து அழுதாள், எல்லாம் அவளுக்குத் தெரியும், ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. ஆண்கள் விடுதிக்காரன்கள் பொறாமையில் வெந்தான்கள். நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர் ஒருவர் மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடும் நோட்டுமாக வந்து ஒரு மணி நேரம் அவளிடம் கேள்வி கேட்டார், அவளும் மரியாதையாகப் பதில் சொன்னாள், எழுந்து போகும்போது அவர் முகம் வெளிறியிருந்தது. "மாத்திரையை முழுசாச் சாப்பிடுங்கம்மா" என்றார். சரி சார் என்றோம். சரி சார் என்று சொல்லித்தானே பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து இதுவரை வந்திருக்கிறோம்.

ஒருநாள் மத்தியானம் டப்பாவைத் திறந்து கட்டில்மேல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். காச்சக்கா வந்து உட்கார்ந்து, கை போகிறபோக்கில் நாலு கேப்சூலை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"என்னக்கா, இது உன்னைக் கொல்லுத மருந்துல்லா?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு பிள்ள. மேலெல்லாம் பொசுக்கிட்டுது. மூணாம் நாளு மூட்டையைக் கட்டிட்டேன், வாசல் வரைக்கும் வந்துட்டேன், நீங்க நிறுத்திட்டிய. அடுத்த தடவை அவ்வளவு சுடலை. அதுக்கடுத்த தடவை வெறும் கசப்பு. இப்போ பொரிகடலை மாதிரி இருக்கு." இன்னும் இரண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு, "நல்ல பிள்ளைங்க நீங்க. யாரும் என்னை முழுசாப் போன்னு சொன்னதில்லை" என்றாள்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

என் அறையில் இன்னொரு பிள்ளை உண்டு, முப்பிடாதி. வேதியியல் முதல் வருஷம், கடையநல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர், அம்மா பீடி சுற்றிப் படிக்க வைக்கிறாள், பிள்ளை உடம்பைப் பார்த்தால் எட்டாம் வகுப்பு என்று சொல்லலாம். தண்ணீரே குடிக்கமாட்டாள். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் வரிசையில் நிற்க வேண்டும், நின்றால் தாழ்ப்பாள் இல்லாத கதவுதான் கிடைக்கும், அதற்குத் தாகமே மேல் என்பது அவள் கட்சி. மற்றவர்கள் எல்லோரும் காச்சக்காவிடம் வேலை வாங்கினோம், முப்பிடாதி ஒருத்திதான் தினமும் "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்பாள். அதனால் காச்சக்காவுக்கு அவள் மேல் உயிர். தன் கட்டிலை இழுத்து அவள் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டாள்.

மார்கழியில் முப்பிடாதிக்கு நீர்க்கடுப்பு வந்தது. வெளியே சொல்ல வெட்கம். என்னிடம் மட்டும், "டப்பாக்கா, அடிவயித்து மாத்திரை இருக்கா?" என்று காதோடு கேட்டாள். கொடுத்தேன். ஆறு மாத்திரை, இரண்டு அட்டையிலிருந்து, இரண்டு விதம். கொடுத்தது இந்தக் கைதான், வேறு யாருமில்லை.

நாலைந்து நாளில் விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். நடுக்கம் என்றால் நடுக்கம், கட்டில் கால் தரையில் தந்தியடித்தது, குடித்ததெல்லாம் வாந்தி, கண் எங்கேயோ போனது. காச்சக்கா அவளை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிடந்தாள். டப்பாவைக் கவிழ்த்து இருப்பதிலேயே பெரிய மாத்திரையாகப் பார்த்து எடுத்து, நான் முப்பிடாதியின் நாக்கில் வைத்தேன், காச்சக்கா எட்டி அதை எடுத்துக் கடித்துவிட்டாள். இன்னொன்று வைத்தேன், அதையும் கடித்தாள்.

"ஏக்கா, அவளை விடுக்கா! பிள்ள செத்துருவா!"

"விடணும்னுதான் எனக்கும் இருக்கு" என்று அவளும் அழுதாள், கண்ணீர் கன்னத்திலேயே ஆவியானது. "போறது எப்படின்னு எனக்குத் தெரியலை பிள்ள. மூணு நாளைக்குத்தான் எனக்குப் பழக்கம். நாலாம் நாளு என்ன ஆகும்னு நான் பாத்ததே இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நூற்று எண்பது பேர் ஒருத்திக்கு ஒருத்தி மிச்சம் வைத்து மிச்சம் வைத்து, மாத்திரையையா மிச்சம் வைத்திருக்கிறோம்?

தங்கபுஷ்பம் மேடம் பல்கலைக்கழக வேனை வரவழைத்தார்கள். முப்பிடாதியை நாங்கள் தூக்கி ஏற்றினோம், காச்சக்கா அவள் பின்னாலேயே ஏறிக்கொண்டாள், நான் டப்பாவோடு ஏறினேன். அரசு ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறவர் யார் என்று நர்ஸ் கேட்டதற்கு, காச்சக்காவே முன்னால் போய்க் கைநாட்டு வைத்தாள், காகிதம் கருகி ஒரு ஓட்டை விழுந்தது. நர்ஸ் வேறு காகிதம் எடுத்துக் கொடுத்து என்னை எழுதச் சொன்னாள்.

டாக்டர் பெயர் அனீஸ் பாத்திமா. முப்பிடாதியின் விலாவைத் தட்டிப் பார்த்து, சிறுநீர் பிடித்து அனுப்பச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, "இதுவரை என்ன போட்டா?" என்று கேட்டார்கள். நான் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தேன். கிழிந்த அட்டைகள், பாதி அட்டைகள், பேரே தெரியாத உதிரிகள், எல்லாவற்றையும் அந்த அம்மா விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள்.

"எதையாவது ஒண்ணை முழுசாப் போட்டீங்களாம்மா?"

"இல்ல டாக்டர். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்."

"ஏன் கொஞ்சம் கொஞ்சம்?"

"அடுத்த பிள்ளைக்கு வேணும்லா டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். திட்டப் போகிறார்கள் என்று பார்த்தால் திட்டவில்லை. "இருபது வருஷமா மருந்தைப் பாதியில விட்டதுக்கு ஆயிரம் காரணம் கேட்டிருக்கேன். மறந்துட்டேம்பாங்க, கசக்குதும்பாங்க, ஊருக்குப் போயிட்டேம்பாங்க. பாசத்துல விட்டேன்னு இப்பத்தான் கேக்குறேன்" என்றார்கள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காச்சக்காவைப் பார்த்து, "இவளுக்கு எதெல்லாம் பழகிப் போச்சு, எது பழகலைன்னு பாத்துத்தான் கொடுக்கணும். அதுக்கு ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் பிள்ளையைப் பிடிச்சு நிறுத்துறது என் பாடு" என்றார்கள்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லமாட்டேன். முப்பிடாதியின் அம்மா வந்தாள், விரல் நுனியெல்லாம் புகையிலை வாசம், மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவேயில்லை. "என்ன மாத்திரை குடுத்திய?" என்று ஒரு வார்த்தை கேட்டாள் என்றால் நான் அந்த இடத்திலேயே விழுந்திருப்பேன், அவள் கேட்கவில்லை, "நீ சாப்பிடலையே தாயி" என்றாள்.

ரிப்போர்ட் வந்தது. ஒன்பது மருந்தின் பேர் போட்டு, எட்டுக்கு நேராக வேலை செய்யாது என்று இருந்தது, ஒன்றுக்கு மட்டும் செய்யும் என்று. ஏழு நாள் ஊசி, அதே மருந்தின் மாத்திரை இன்னும் ஏழு நாள், ஆக மொத்தம் பதினாலு. "பதிமூணுல நிறுத்திட்டு வந்தீங்கன்னா என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்றார்கள் டாக்டரம்மா.

முதல் ஊசிக்குக் காச்சக்கா அலறின அலறல் வார்டு முழுக்கக் கேட்டது. இரண்டாம் நாள் அவள் முடி கொத்தாக உதிர்ந்தது. மூன்றாம் நாள் முப்பிடாதி எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டாள், அவள் அம்மா ஓவென்று அழுதாள், நாங்கள் எல்லோரும் அழுதோம், விடுதியிலிருந்து வந்த பிள்ளைகள் வராந்தாவிலேயே குதித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் காச்சக்காவை யாரும் பார்க்கவில்லை. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை உயரத்துக்குச் சுருங்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தாள். எங்கள் அத்தனை பேர் வாளியையும் சுட வைத்தவள், "குளுருது, ஒரு போர்வை குடு" என்று கேட்டாள்.

போர்த்திவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளாயிட்டுல்லா ஜெபக்கனி. உங்க வழக்கம்தானே. போதும்னு ஒரு வார்த்தை சொல்லிரேன்."

டப்பாக்கா என்று சொல்லவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.  வந்த பிள்ளைகளில் பாதிப் பேர், "பாவம்ட்டி அக்கா, முப்பிடாதிதான் தேறிட்டாளே, இன்னும் எதுக்கு?" என்று கண்ணைக் கசக்கினார்கள். முப்பிடாதியே, "எனக்கு நல்லாயிட்டுக்கா. மிச்ச ஊசியை எதிர்க்கட்டில் பாட்டிக்குப் போடச் சொல்லுங்க, அவங்க ரொம்பக் கஷ்டப்படுதாங்க" என்றாள். பாருங்கள், சாவு வாசல் வரை போய் வந்த பிள்ளை பேசுகிற பேச்சை. எங்கள் தர்மம் அவள் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

நான் வராந்தாவுக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். அந்த விடுதியில் எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், இல்லை என்று ஒருத்தியையும் அனுப்பினதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, "நிறுத்தக் கூடாது" என்றேன். "யாருக்கும் மிச்சம் கிடையாது. இது முழுக்க உனக்குத்தான்ட்டி முப்பிடாதி." முப்பிடாதியின் கையை நானே பிடித்து நர்ஸிடம் நீட்டினேன், காச்சக்கா முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒன்றுமேயில்லை. ஜன்னலில் புறா வந்து உட்கார்ந்தது, பால்காரர் வந்தார், ரொட்டி கொடுத்தார்கள், எதிர்க்கட்டில் பாட்டி மருமகளை வைதாள். காச்சக்கா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி எல்லாவற்றையும் அதிசயமாகப் பார்த்தாள். "இதுதானா? இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் கெஞ்சவேயில்லை.

ஏழு நாள் முடிந்து இருவரையும் விடுதிக்குக் கூட்டிவந்தோம். மிச்ச ஏழு நாளும், கல்யாணமாகிப் போகிற பெண்ணைக் கவனிக்கிற மாதிரி, பிள்ளைகள் முறை வைத்து வந்து காச்சக்காவோடு இருந்தார்கள், ஒருத்தி கால் பிடித்துவிட்டாள், ஒருத்தி கதைப் புத்தகம் வாசித்தாள், சண்முகத்தாய் அக்கா குறுணைக் கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள், பத்துமாத்திரை வந்து முப்பிடாதிக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டாள், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், "போங்கக்கா" என்று வெட்கப்பட்டாள். நாளுக்கு நாள் காச்சக்கா சிறுத்தாள். பன்னிரண்டாம் நாள் தங்கபுஷ்பம் மேடம் அறை காலி செய்கிற படிவத்தை மாடிக்கே கொண்டுவந்து, காரணம் என்கிற இடத்தில், பூரண குணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இனிமே அந்தத் தாழ்ப்பாளையெல்லாம் மாத்தாம நான் தூங்கமாட்டேன்" என்று படியிறங்கிப் போனார்கள். மாற்றினார்கள், பதினாறையும்.

பதினாலாம் நாள் காலை, தை வெயில் அறைக்குள் வந்திருந்தது. கைக்குழந்தை அளவுக்கு ஆகியிருந்த காச்சக்கா முப்பிடாதியின் மடியில் கிடந்தாள். கடைசி மாத்திரையை முப்பிடாதி வாயில் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரையும் மடக் மடக் என்று குடித்து முடித்தாள். மூன்றாம் மாடிப் பிள்ளைகள் அத்தனை பேரும் கதவிலும் வராந்தாவிலும் நின்றோம்.

"பிள்ள" என்றாள் காச்சக்கா, குரல் எறும்பு ஊர்கிற அளவுக்குத்தான் இருந்தது. "எல்லாரும் எல்லாரு நெத்தியிலயும் கை வச்சுப் பாக்கிய. எனக்கு ஒருத்தி வச்சுப் பாக்கலையே."

முப்பிடாதி ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, முதலில் உள்ளங்கையை, பிறகு அம்மாமார் செய்கிற மாதிரி புறங்கையை, அந்தச் சின்ன நெற்றியில் வைத்தாள்.

"சுடுதா?"

"இல்லக்கா" என்றாள் முப்பிடாதி. "உனக்கு நல்லாயிட்டு."

அதைக் கேட்டுச் சிரித்தாள் காச்சக்கா, அத்தனை மாதத்தில் ஒருநாளும் அப்படி அவள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. முப்பிடாதியின் கை அப்படியே மெல்ல இறங்கி, தன் வெறும் மடியைத் தொட்டது.